முகாம் நாளும் வேலை நாள்தான்: அர்ஜென்டினா கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அர்ஜென்டினா கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

2024 மே மாதக் கடைசியில் கோஸ்டா ரிக்காவுடன் இரண்டு நட்பு ஆட்டங்களுக்காக உங்கள் பெண்கள் அணி கூடியிருந்தது. அந்த நேரத்தில் கோல்கீப்பர் லௌரினா ஒலிவேரோஸ், டிஃபெண்டர் ஹூலியேத்தா க்ரூஸ், மிட்ஃபீல்டர் லொரேனா பெனீதஸ் மூவரும் முகாமை விட்டு வெளியேறினார்கள். காரணத்தை மூடி மறைக்கவில்லை, ஊரறியச் சொன்னார்கள். ஆட்டம் சொந்த நாட்டில் நடப்பதால் அந்த நாட்களுக்குத் தினப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சாப்பிடக் கிடைத்தது ஹாமும் சீஸும் வைத்த ஒரு சாண்ட்விச், கூடவே ஒரு வாழைப்பழம். மகள் ஆடுவதைப் பார்க்க வரும் குடும்பத்தினர்கூட 5,000 பெசோ கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும்.

அந்த முடிவை மனத்தில் வைத்தே இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் இந்த அணியின் ஆட்டங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்பவர்கள். மூன்று பேரின் கோபம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சொந்த மண்ணில் ஆடினால் படி இல்லை என்ற முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

வெளிநாட்டுப் பயணத்தில்தான் செலவு, உள்ளூரில் செலவே இல்லை என்பது அதன் அடிப்படை. ஆனால் தினப்படி ஹோட்டல் பில்லுக்கான காசு இல்லை. ஒருத்தி தன் மற்ற வருமானத்தை விட்டுவிட்டு நாட்டுக்காக வந்து நிற்கும் நாளுக்கான ஈடு அது. எசெய்சாவிலுள்ள உங்கள் பயிற்சி வளாகம் புவெனோஸ் ஐரிஸ் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பயிற்சி காலையில் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஒரு நாளில் இரண்டு பயிற்சி என்றால் வீடு திரும்ப இருட்டிவிடும். கிளப் சம்பளம் குடும்பச் செலவுக்குப் போதாமல் வேறு வேலையும் பார்க்கும் ஒருத்திக்குப் பத்து நாள் முகாம் என்பது பத்து நாள் கூலியிழப்பு. எதிரணி எந்த நாட்டில் வந்து இறங்குகிறது என்பதால் இந்த இழப்பு ஒரு பெசோகூடக் குறையாது.

நட்பு ஆட்டத்துக்கு மட்டும் எடுத்த முடிவு என்று நீங்கள் சொல்லக்கூடும். 2027 உலகக் கோப்பை பிரேசிலில். அதற்கான தென்னமெரிக்கத் தகுதி 2025 அக்டோபரில் தொடங்கிய நேஷன்ஸ் லீக் வழியாக நடக்கிறது. ஒன்பது நாடுகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டம், முதல் இரண்டு இடங்களுக்கு நேரடித் தகுதி. எட்டில் பாதி சொந்த மண்ணில். நட்பு ஆட்டத்துக்கு ஒருமுறை சொன்ன "உள்ளூரில் படி இல்லை" என்ற வாய்ச்சொல் இந்த நான்கு ஆட்டங்களுக்கும் நீளாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எழுதி வைத்திருந்தால் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடுங்கள்.

அடுத்து அந்தச் சாண்ட்விச். கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். கிராமில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும்.

60 கிலோ எடையுள்ள ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துக்கொள்வோம். கடும் பயிற்சி நாளிலும் ஆட்டத்துக்கு முந்தைய நாளிலும் அவளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதாவது நாளுக்கு 360 முதல் 480 கிராம். ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி என்றால் இடைவெளி நேரம்தான் உயிர்நாடி. முதல் பயிற்சி முடிந்ததும் அடுத்த நான்கு மணி நேரத்துக்கு, மணிக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் உள்ளே போக வேண்டும். மொத்தம் 240 கிராம். இரண்டு ரொட்டித் துண்டில் கிடைப்பது ஏறத்தாழ 30 கிராம், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம். ஆக 55. தேவையில் கால் பங்குகூட இல்லை. ஹாமும் சீஸும் தரும் புரதம் ஓரளவு பரவாயில்லை, ஆனால் தசை ஓடுவது முதலில், தனக்குள் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜனில்தான்.

கிளைகோஜன் பாதி நிரம்பிய தசையோடு பிற்பகல் களத்தில் இறங்கினால் என்ன ஆகும்? முதல் அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியாது. அதன் பிறகு வேக ஓட்டங்களின் எண்ணிக்கை குறையும். பந்தை நிறுத்தும் முதல் தொடுகை தளரும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயும். பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு என்பது விளையாட்டு மருத்துவம் படித்த யாருக்கும் தெரிந்த செய்தி. கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, பிறகு குறைந்தது ஒன்பது மாத ஓய்வு. ஒரு வேளைச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரியான சாப்பாடு ஒன்றும் விருந்து இல்லை. வேகவைத்த பாஸ்தா 300 கிராம், அதில் 90 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. கோழி 120 கிராம். ரொட்டி இரண்டு துண்டு, பழம் ஒன்று, ஆரஞ்சுச் சாறு 300 மில்லி, ஒரு கிண்ணம் பழத் தயிர். இத்தோடு 200 கிராமை நெருங்கிவிடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம் நீரும் உப்பும் கொடுக்க வேண்டும். மாதவிடாயால் இரும்புச்சத்து இழப்பவர்கள் என்பதால் உடலில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வேண்டும். ஆண்கள் அணி எசெய்சாவில் கூடும்போது அங்கேயுள்ள அடுப்படிக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. 2023 மார்ச் முதல் அந்த வளாகத்துக்கே லியோனல் மெஸ்ஸியின் பெயர். அதே வளாகத்தில்தான் பெண்கள் அணியும் பயிற்சி எடுக்கிறது.

இப்போது கோல் பட்டியலுக்கு வருகிறோம். 2003, 2007 இரண்டு உலகக் கோப்பைகளில் ஆறு ஆட்டங்களில் உங்கள் அணி 33 கோல் வாங்கியது. ஷாங்காயில் ஜெர்மனியிடம் 11-0 என்று தோற்றதும் அதில் ஒன்று. பன்னிரண்டு ஆண்டு கழித்து 2019-லும், பிறகு 2023-லும் ஆடிய ஆறு ஆட்டங்களில் வாங்கியது 9 மட்டுமே. இந்த முன்னேற்றத்துக்கு முதல் சொந்தக்காரர்கள் ஆட்டக்காரர்கள்தான். அந்த ஒன்பதையும் நிமிடவாரியாகப் பாருங்கள். இங்கிலாந்திடம் 61-வது நிமிடத்தை ஒட்டி ஒன்று. ஸ்காட்லாந்திடம் 19, 49, 69. இத்தாலியிடம் 87. தென்னாப்பிரிக்காவிடம் 30, 66. ஸ்வீடனிடம் 66, 90. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் ஏழு. அறுபதாவது நிமிடத்துக்குப் பின் மட்டும் ஆறு.

சாண்ட்விச் ஒன்றால் இது நேர்ந்தது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களின் தரம், ஆட்ட உத்தி, பெஞ்சின் ஆழம் எல்லாமே இதில் சேரும். ஆனால் திறமை இல்லாத அணி முதல் நிமிடத்திலிருந்தே உடையும். இந்த அணி ஒரு மணி நேரம் உலகத் தரத்தில் நின்றுவிட்டுப் பிறகு உடைகிறது. இது தயாரிப்புக் குறைவின் அடையாளம். ஆண்டு முழுக்க எத்தனை நாள் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தரத்து அணிகளோடு மோதினார்கள் என்பது கடைசி முப்பது நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

அதே அணி என்ன செய்யும் என்பதும் அதே ஆட்டங்களில் இருக்கிறது. 2019 ஜூன் 19, பாரிஸ், ஸ்காட்லாந்து 3-0 என்று முன்னிலை. 74-வது நிமிடத்தில் மிலாக்ரோஸ் மெனென்தஸ் கோல் அடித்தார், 79-ல் ஸ்காட்லாந்து கோல்கீப்பரின் கையில் பட்டு ஒன்று, கூடுதல் நேரத்தில் திரும்ப அடிக்கச் சொன்ன பெனால்டியை ஃப்ளோரென்சியா பொன்செகுந்தோ வலைக்குள் தள்ளினார். 3-3. 2023 ஜூலை 28, டுனடின், தென்னாப்பிரிக்கா 2-0 முன்னிலை. சோஃபியா பிரவுன் 74-ல், ரொமினா நூன்யெஸ் 79-ல். 2-2. நான்கு ஆண்டு இடைவெளியில் அச்செடுத்தாற்போல் அதே இரண்டு நிமிடங்கள். மனவலிமைக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் நான்கு உலகக் கோப்பைகளில் 12 ஆட்டம் ஆடி, மூன்று சமன், ஒன்பது தோல்வி, ஒரு வெற்றியும் இல்லை. மனவலிமையை மட்டும் நம்பி அணியை அனுப்பினால் கிடைப்பது இதுதான்.

பழைய கதை என்று நீங்கள் தள்ளிவிடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. 2015 ஜூலையில் டொரன்டோ பான் அமெரிக்கப் போட்டிகளுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்த அணிக்கு ஓர் ஆட்டம்கூட வைக்கவில்லை. ஆட்டம் இல்லாத அணியை ஃபிஃபா தரவரிசையிலிருந்து எடுத்துவிடும். எடுத்தும்விட்டது. தரவரிசையில் இல்லாத அணியோடு நட்பு ஆட்டம் ஆட நல்ல அணிகள் முன்வரமாட்டா. நல்ல அணிகளோடு ஆடாத அணி பெரிய போட்டியில் முதல் முறையாக அந்த வேகத்தைச் சந்திக்கும். 2017-ல் ஒருவழியாக உருகுவேயுடன் ஆட்டம் கிடைத்தபோது, ஆட்ட நாளன்றே பயணம் செய்து, பேருந்திலேயே படுத்து ஓய்வெடுத்துவிட்டு மொண்டேவீடியோவில் களமிறங்கினார்கள். அந்த செப்டம்பரில் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பயிற்சிக்கு வந்ததற்கான 150 பெசோ படிக்காசு அவர்களுக்குப் பாக்கி. நல்ல புல்தரையும் உடை மாற்றும் அறையும் வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு சிலியில் நடந்த, தென்னமெரிக்க நாடுகளின் போட்டியான கோப்பா அமெரிக்காவில், ஆட்டத்துக்கு முந்தைய அணிப் படத்தில் பதினொரு பேரும் காதில் கை வைத்து நின்றார்கள். "நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்" என்பதற்கு அதைவிடப் பச்சையாக ஒரு படம் எடுக்க முடியாது. 2017-ல் படிக்காசு, 2024-லும் படிக்காசு. ஏழு ஆண்டுகளில் ஒரே பிரச்சினை இரண்டாம் முறை வெடித்தது.

படியைத் தாமதமாகக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் நாட்டில் ஏறத்தாழ ஒன்றுதான். விலைவாசி 2023 டிசம்பரில் 25.5 சதவீதம், ஜனவரியில் 20.6, பிப்ரவரியில் 13.2 ஏறியது. நவம்பர்க் கடைசியில் கொடுக்க வேண்டிய 10,000 பெசோவைப் பிப்ரவரிக் கடைசியில் கொடுத்தால் அதை வைத்து முன்பு 5,840 பெசோவுக்குக் கிடைத்த பொருளைத்தான் வாங்க முடியும். மூன்றே மாதத்தில் பத்தில் நான்கு பங்குக்கும் மேல் கரைந்துவிட்டது. அதனால்தான் தொகை எவ்வளவு என்பதோடு எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதச் சொல்கிறோம். வியர்வை உலருமுன் கூலி என்பது இங்கே வெறும் நன்னெறி இல்லை, கணக்கு.

பேசியவர்களுக்கு என்ன ஆனது என்பதும் வீராங்கனைகள் மறக்காத பாடம். 2019 உலகக் கோப்பையில் அணிக்கு முதல் புள்ளியைப் பெற்றுத்தந்த ஜப்பான் ஆட்டத்தில் தலைவியாக நின்றவர் எஸ்டெஃபானியா பனினி. போட்டி முடிந்ததும் பயிற்சிமுறையில் மாற்றம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு அவரும் ரூத் பிராவோவும் பெலென் பொதாசாவும் அணிக்கு அழைக்கப்படவில்லை. பயிற்சியாளர் மாறி ஜெர்மான் போர்த்தனோவா வந்த பிறகே பனினி திரும்பினார். உலகத் தரத்து மிட்ஃபீல்டர் ஒருவர் தன் நல்ல வயதில் நாட்டுக்கு ஆடாமல் போன காலம் அது. அந்த இழப்பை எந்தத் தினப்படிக் கணக்கிலும் எழுத முடியாது. 2024-ல் மூவர் வாய் திறக்கும் முன் இதையெல்லாம் நினைத்துப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? தெரிந்தே பேசினார்கள்.

கிளப் பக்கமும் ஒரு வார்த்தை. கிளப் ஆட்டக்காரர் மகரெனா சான்செஸ் தொழில்முறை உரிமை கேட்டு 2019 ஜனவரியில் சட்ட வழியில் இறங்கிய பிறகு, மார்ச் 16 அன்று முதல் பிரிவின் 16 கிளப்களும் தலா 8 பேருக்காவது தொழில்முறை ஒப்பந்தம் தர வேண்டும் என்று அறிவித்தீர்கள். வரவேற்க வேண்டிய முடிவு, அதை வரவேற்கிறோம். ஆனால் களத்தில் இறங்குவது பதினொரு பேர். எட்டுப் பேருக்கு ஒப்பந்தம் என்றால், முதல் பதினொன்றிலேயே மூன்று பேர் சம்பளமில்லாமல் ஆடலாம் என்று அன்றைய விதியே சொன்னதாயிற்று. தேசிய அணிக்கு ஆள் வருவது இந்தக் கிளப்களிலிருந்துதான். ஃபிஃபாவின் 11+ பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. மூன்று பகுதி, 15 பயிற்சிகள், 20 நிமிடம், பந்தைத் தவிர வேறு கருவியே வேண்டாம். வாரம் இரண்டு முறை விடாமல் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் களம் கிடைக்கும் அணியில் முதலில் வெட்டுப்படுவது இந்த இருபது நிமிடம்தான். ஆறு மாதம் விட்டுப்போன பழக்கத்தைப் பத்து நாள் முகாமில் எந்தப் பயிற்சியாளராலும் மீட்க முடியாது.

பணம் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து ஒன்று சொல்லிவிடுகிறோம். பக்கத்து நாடான பிரேசிலின் கால்பந்துக் கூட்டமைப்பு 2020 செப்டம்பரிலேயே ஆண்கள், பெண்கள் இரு தேசிய அணிகளுக்கும் தினப்படி ஒரே தொகை என்று அறிவித்துவிட்டது. கொரோனா ஆண்டில், மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது எடுத்த முடிவு அது. நீங்களோ 2021-ல் கோப்பா, 2022-ல் உலகக் கோப்பை, 2024-ல் மீண்டும் கோப்பா என்று ஆண்கள் அணி வழியாக வென்ற சங்கம்.

பார்க்க ஆளில்லை என்ற பதிலும் செல்லாது. 2018 நவம்பர் 8 அன்று புவெனோஸ் ஐரிஸை ஒட்டிய சராந்தியில் பனாமாவுடன் உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃப் நடந்தபோது 11,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அணி 4-0 என்று வென்றது. அதன் பலனாகத்தான் 2019-ல் பிரான்ஸ் போனார்கள். 2018, 2022, 2025 மூன்று கோப்பா அமெரிக்காவிலும் மூன்றாமிடம். 2025-ல் குழு ஆட்டம் நான்கிலும் வெற்றி, அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக ஆட்ட நேரம் முழுக்க ஒரு கோலும் விடவில்லை, பெனால்டியில்தான் 5-4 என்று போனது. ஒரு உதையளவு தூரத்தில் இறுதி ஆட்டமும் ஒலிம்பிக் இடமும் இருந்தன.

1971-ல் மெக்சிகோவில் நடந்த பெண்கள் உலகப் போட்டிக்கு உங்கள் நாட்டுப் பெண்கள் பயிற்சியாளர் இல்லாமல், மருத்துவர் இல்லாமல், சரியான பூட்ஸ்கூட இல்லாமல் போனார்கள். ஆகஸ்ட் 21 அன்று அஸ்டெக்கா மைதானத்தில் இங்கிலாந்தை 4-1 என்று வென்றார்கள். நான்கு கோலும் எல்பா செல்வா அடித்தது. அந்தத் தேதி இன்று கால்பந்து வீராங்கனைகள் நாள். அன்று அவர்களுக்குச் சங்கம் உதவவில்லை. இன்று உதவ வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளைத் தேதியும் அளவும் வைத்தே சொல்கிறோம்.

அடுத்த முகாமுக்கு அழைப்பு அனுப்பும்போதே அதனுடன் ஒரு தாள் போக வேண்டும். நாளொன்றுக்குப் படி எவ்வளவு, உள்ளூர் ஆட்டத்துக்கும் வெளிநாட்டு ஆட்டத்துக்கும் அதே தொகை, முகாம் முடிந்த ஏழு நாளுக்குள் வங்கியில் சேரும், தாமதமானால் அந்த மாத விலைவாசி உயர்வு அப்படியே கூட்டித் தரப்படும் என்று அதில் இருக்க வேண்டும். ஆண்கள் அணியின் தினப்படியும் இதுவும் ஒன்றாவது எந்த ஆண்டுக்குள் என்பதையும் அறிவியுங்கள்.

உணவு நிபுணர் ஒருவரைப் பெண்கள் அணிக்கென்றே நியமித்து, முகாம் நாளில் காலை, மதியம், பயிற்சிக்குப் பின், இரவு என நான்கு வேளைக்கான பட்டியலை ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள். எசெய்சா சமையற்கூடம் இரு அணிகளுக்கும் ஒன்றாகட்டும்.

ஃபிஃபா ஒதுக்கும் ஒவ்வொரு சர்வதேச இடைவெளியிலும் இரண்டு ஆட்டம் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு எதிரணிகளாவது தரவரிசையின் முதல் இருபதிலிருந்து வரட்டும். ஆட்ட அட்டவணையை ஆறு மாதம் முன்பே வெளியிடுங்கள். வேலைக்குப் போகும் ஒருத்தி விடுப்புக் கேட்க அந்த அவகாசம் வேண்டும்.

கிளப் ஒப்பந்தங்கள் ஆட்டத்துக்குப் பதிவாகும் அணி முழுவதற்கும் கட்டாயம் என்று விதியைத் திருத்துங்கள்.

ஆட்டக்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் மூவரும், ஆட்டக்காரர் சங்கமான ஆக்ரெமியாதோஸின் ஒரு பிரதிநிதியும், உங்கள் தரப்பினரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதிக் கையெழுத்திடுங்கள். சம்பளம், சாப்பாடு, பயிற்சிமுறை பற்றிப் பேசியதற்காக எவரும் அணியிலிருந்து நீக்கப்படமாட்டார் என்ற ஒரு வரி அந்த முதல் தாளிலேயே இருக்கட்டும். 2024 மே மாதம் வெளியேறிய மூவரையும் நேரில் அழைத்து, அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரர் ஒருவருக்கு நான்கு இலவச டிக்கெட் கொடுங்கள். நேஷன்ஸ் லீக் போன்ற தகுதி ஆட்டங்களுக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் ஒரே மாதிரி.

இப்படிக்கு,
அர்ஜென்டினா பெண்கள் அணியின் ஆட்டங்களைத் தமிழில் தொடரும் ரசிகர்கள்